பட்டன் கியர்: அமெரிக்கா கைவிட்டது எதை, இன்று திரும்பி வந்திருப்பது எது?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். புதுக் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். அதில் கியர் லீவர் கிடையாது. பி (பார்க்கிங்), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்) என்று நான்கு பட்டன்கள்தான். அவருடைய அப்பா, "அறுபது வருஷத்துக்கு முந்தியே அமெரிக்காக்காரன் செய்து பார்த்துக் கைவிட்ட சங்கதி இது, வேண்டாம்" என்கிறாராம். அது உண்மையா, உண்மையென்றால் ஏன் கைவிட்டார்கள், இன்று நம்பி வாங்கலாமா என்பது கேள்வி.

தம்பி, அப்பா சொல்வது நடந்த கதைதான். 1956 மாடல் முதல் 1964 மாடல் வரை அமெரிக்காவில் பட்டன் கியர் வைத்த கார்கள் ஏராளமாக ஓடின. 1965 மாடல்கள் வந்தபோது அவை இல்லை. ஆனால் அந்தக் காலத்துப் பட்டன்கள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிடக் கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்த இரண்டு ஏற்பாடுகளில் ஒன்று பல ஆண்டுகள் கழித்தும் பிசகாமல் வேலை செய்தது. மற்றது வாங்கிய கொஞ்ச காலத்திலேயே மேட்டில் நின்று சண்டித்தனம் பண்ணியது. பட்டனுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் என்ன இருந்தது என்பதைப் பார்த்தால் இதற்குக் காரணம் விளங்கிவிடும். இன்றைய காரை எடைபோடவும் அதே கேள்விதான் உதவும்.

கிரைஸ்லர் என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் அவர்கள். 1955 மாடல் கிரைஸ்லர் கார்களில் ஆட்டோமேட்டிக் கியரின் லீவர் டாஷ்போர்டிலிருந்து ஒரு மெல்லிய குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மாடலில் குச்சியை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்குக்கு இடப்புறம் டாஷ்போர்டில் பட்டன்களை வைத்தார்கள். பிளிமத், டாட்ஜ், டிசோட்டோ, கிரைஸ்லர், இம்பீரியல் என்று அந்த நிறுவனத்தின் எல்லாப் பெயர்களிலும் அது வந்தது. பவர்ஃபிளைட் என்ற இரண்டு வேக கியர்பாக்ஸுக்கு ஆர், என், டி, எல் (குறைந்த வேகத்துக்கான 'லோ') என்று நான்கு பட்டன். அதன் பின் வந்த மூன்று வேக டார்க்ஃபிளைட்டுக்கு ஆர், என், டி, 2, 1 என்று ஐந்து. வீட்டுக்குள் தொலைக்காட்சியும் துணி துவைக்கும் இயந்திரமும் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. பட்டன் என்றாலே நாகரிகம் என்று நம்பிய தலைமுறை. இதே 1956இல் இதே கிரைஸ்லர், காருக்குள் இசைத்தட்டு போடும் கருவியைக்கூட விற்றது. டாஷ்போர்டுக்கு அடியில் நிமிடத்துக்கு 16⅔ சுற்றில் ஓடும் தட்டு. அது சீக்கிரமே போய்விட்டது. பட்டன் கியர் மட்டும் ஒன்பது மாடல் ஆண்டுகள் நின்றது.

ஏன் நின்றது என்பதற்கு அதன் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். பட்டன்களின் பின்னால் பக்கவாட்டில் நகரக்கூடிய ஒரு எஃகுத் தகடு. ஒவ்வொரு பட்டனும் உள்ளே போகும்போது அந்தத் தகட்டைத் தனக்குரிய தூரத்துக்குத் தள்ளும். ஆர் அழுத்தினால் ஒரு கோடி, 1 அழுத்தினால் மறு கோடி, மற்றவை நடுவில். தகட்டின் நுனியில் ஒரே ஒரு கேபிள், அதாவது உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பி. அது நேராகக் கீழே போய் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வால்வை அதே அளவு நகர்த்தும். எண்ணெய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்வது அந்த வால்வுதான். கியரைப் பிடிக்கும் முரட்டு வேலையை எண்ணெயின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். விரலுக்கு மிஞ்சுவது ஒரு சின்ன வால்வை நகர்த்தும் வேலை மட்டும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, எரிந்துபோக ஒன்றும் இல்லை. பட்டனுக்குப் பின்னால் இருந்த ஒளிவிளக்கு மட்டும்தான் கரண்டில் ஓடியது.

காவல் ஏற்பாடுகளும் உள்ளே இருந்தன. கார் வேகமாக ஓடும்போது தப்பித்தவறி ஆர் பட்டனை அழுத்திவிட்டால் ரிவர்ஸ் விழாது. உள்ளே ஒரு வால்வு அதைத் தடுத்து நியூட்ரலில் விட்டுவிடும். நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரும் சுற்றாது.

குறையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பட்டன்களில் 'பி' இல்லை. கிரைஸ்லரின் ஆட்டோமேட்டிக்கில் பட்டன் வருவதற்கு முன்பும் பார்க்கிங் பூட்டு இருக்கவில்லை. நிறுத்தினால் கை பிரேக்கை நம்ப வேண்டியதுதான். அந்தக் கை பிரேக்கும் பெரிய கார்களில் சக்கரங்களில் இல்லாமல் கியர்பாக்ஸின் வாலில் இருந்த டிரம்மில் பிடித்தது. 1962இல் அலுமினிய உறையோடு புதிய டார்க்ஃபிளைட் வந்தபோதுதான் பார்க்கிங் பூட்டு வந்தது. அப்போதும் அதைப் பட்டனாக்கவில்லை. பட்டன்களுக்குப் பக்கத்தில் தனியாகச் சறுக்கும் ஒரு குட்டி லீவர், அதற்குத் தனிக் கேபிள். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கார்டு, எட்செல் என்ற வேறு இரண்டு அமெரிக்கக் கார்கள் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது.

இந்தப் பட்டன்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அமெரிக்காவில் அல்ல, ஆஸ்திரேலியாவில். அடிலெய்டில் நான் கராஜ் வேலை பார்த்த காலத்தில் கிரைஸ்லரின் பழைய வேலியன்ட் கார்கள் தினமும் வரும். கிரைஸ்லரின் தொழிற்சாலை அந்த நகரத்திலேயே இருந்ததால் ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கார் சொந்தப் பிள்ளை. 1962இல் அங்கே அறிமுகமான ஆர் சீரிஸ், அதே வருடம் தொடர்ந்த எஸ் சீரிஸ், 1963இல் வந்த ஏபி5, மூன்றிலும் ஆட்டோமேட்டிக் என்றால் பட்டன்தான். 1965இல் வந்த ஏபி6இல் லீவர். இரண்டிலும் முப்பது பாகை சரித்து வைத்த அதே ஆறு சிலிண்டர் எஞ்சின், அதே டார்க்ஃபிளைட். ஆகவே பட்டனையும் லீவரையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. ஒன்றை விட்டு இறங்கி மற்றதில் ஏறி, அதே சந்தில் பின்வாங்கித் திருப்பினால் போதும்.

என் தீர்ப்பு பட்டன் பக்கம். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை லேசாக நகர்த்தினால் விரல் பட்டனில் இருக்கும். அழுத்தும்போது கேபிளின் இழுவை விரலுக்குத் தெரியும். அது ஓர் இடத்தில் போய் 'டக்' என்று உட்காரும். காரும் ஒரு சின்ன அசைவில் கியர் விழுந்ததைச் சொல்லும். முன்னும் பின்னுமாக எடுக்கும்போது கண் பின்பார்வைக் கண்ணாடியை விட்டு நகர வேண்டியதில்லை. பட்டன்களின் இடம் மாறாது, ஆர் எங்கே டி எங்கே என்று விரலே படித்துவைத்துக்கொள்ளும். லீவரில் வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்ததில் போய் நிற்பது போன்ற தொல்லை இதில் கிடையாது.

பழுது என்று வந்தால் பெரும்பாலும் கேபிள்தான். உறைக்குள் எண்ணெய்ப்பசை காய்ந்து குளிர்காலக் காலையில் பட்டன் கல்லாகிவிடும். சிலர் கட்டைவிரலால் பலங்கொண்ட மட்டும் குத்துவார்கள், பட்டன் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். கேபிளைச் சீராக்கி, கியர்பாக்ஸ் பக்கத்தில் அதற்கென்றே இருக்கும் சிறு சக்கரத்தைத் திருப்பி அளவு வைத்துப் பூட்டினால் மறுபடி புதுசு மாதிரி வேலை செய்யும். இன்றும் அத்தகைய கார்களை வைத்துப் பராமரிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பட்டன் இறுகினால் பட்டனோடு சண்டை போடாதீர்கள், கேபிளைப் பாருங்கள்.

இனி கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள். 1956 மாடல் பேக்கார்டில் ஸ்டீயரிங் தண்டின் வலப்பக்கம் ஒரு தனிக் கிளை. அதன் நுனியில் ஒரு பெட்டியில் பட்டன்கள். தொட்டால் போதும், அவ்வளவு மென்மை, காரணம் அது வெறும் மின் சுவிட்ச். கியரை மாற்றுவது கீழே இருந்த மின்மோட்டார். 1957 செப்டம்பர் 4 அன்று ஃபோர்டு நிறுவனம் பெரும் ஆரவாரத்தோடு வெளியிட்ட 1958 எட்செல் இதையும் தாண்டிப் போயிற்று. டெலிடச் என்ற பெயரில் ஸ்டீயரிங் சக்கரத்தின் நட்டநடுவிலேயே பட்டன்களை வைத்தார்கள். சக்கரம் சுற்றும்போது பட்டன்களும் சேர்ந்து சுற்றினால் எது எங்கே என்று தெரியாது அல்லவா? அதற்காக நடுப்பகுதி மட்டும் அசையாமல் நிற்கும்படி உள்ளே குட்டிப் பற்சக்கரங்களை அமைத்தார்கள். பொறியாளர்களின் கைவேலை என்று பார்த்தால் வணங்கத்தக்க வேலை. நான் அதை மதிக்கிறேன்.

ஆனால் இரண்டிலும் 'பி' ஒரு பட்டன். பார்க்கிங் பூட்டு என்பது எண்ணெய் வேலை அல்ல. கியர்பாக்ஸின் வெளித்தண்டில் உள்ள பல்சக்கரத்தில் ஒரு எஃகுப் பல் போய் விழுந்து தடுத்து நிற்பது. சமதரையில் அதை எடுப்பது சுலபம். மேட்டில் நிறுத்தினால் காரின் எடை முழுக்க அந்த ஒரு பல்லின்மேல் சாய்ந்துவிடும். வெளியிலிருந்து ஆள் தள்ளிக்கொண்டிருக்கும்போது கதவின் தாழ்ப்பாளைத் திறந்து பாருங்கள், அசையாது. கதவை ஒரு கையால் எதிர்ப்புறம் நெருக்கிக்கொண்டு இழுத்தால்தான் வரும். லீவர் வைத்த காரில் ஓட்டுநர் ஒரு வெட்டு வெட்டி இழுத்துவிடுவார். பேக்கார்டிலும் எட்செலிலும் அந்த வேலையைச் செய்ய வேண்டியது அந்தச் சின்ன மோட்டார். மேட்டில் அதற்குப் பலம் போதவில்லை. கார் 'பி'யில் மாட்டிக்கொண்டு நின்றது. முதலில் கை பிரேக்கைப் போட்டு எடையை அதில் ஏற்றிவிட்டுப் பிறகு 'பி' அழுத்துங்கள் என்று எட்செல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

போதாததற்கு இணைப்புகளில் துரு, ஈரம், காருக்கு அடியில் சூடு. எட்செலில் இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி என்பது ஓட்டுநர்களின் கைக்கு ஹார்ன் இருக்கும் இடம். அவசரத்தில் மனிதன் பழகிய இடத்தில்தான் அறைவான், அங்கே கியர் பட்டன்கள் இருந்தன. 1959 எட்செலில் டெலிடச் இல்லை. அந்த வருட நவம்பரில் எட்செலே நின்றுபோயிற்று. பேக்கார்டு அதற்கும் முன்பே, 1956 ஜூனில், டெட்ராய்ட்டில் தன் கடைசிக் காரை முடித்துவிட்டது. பின்னர் இரண்டு வருடம் அந்தப் பெயரில் வந்தவை ஸ்டூடிபேக்கரின் உடம்பில் வந்தவை. இந்த இரண்டு நிறுவனப் பெயர்களும் பட்டன் கியரால் விழவில்லை, அவற்றின் விழுகைக்குக் கடனும் சந்தையும் உட்பட வேறு பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் விழுந்த கார்களில் இது இருந்தது என்பது மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. உங்கள் அப்பாவின் காதுக்கு வந்து சேர்ந்ததும் இந்தக் கதையின் மிச்சமாகத்தான் இருக்கும்.

மெர்க்குரி, ராம்ப்ளர் என்ற அமெரிக்கக் கார்களும் அதே ஆண்டுகளில் பட்டன் போட்டுப் பார்த்தன. ராம்ப்ளர் 1962 வரை வைத்திருந்தது. அவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவுக்கு வெளியே நடந்தவை அதைவிடச் சுவையானவை.

பிரான்சில் ரெனோ டோஃபின் என்று ஒரு சின்னக் கார். பின்னால் எஞ்சின், அதுவும் 845 சிசிதான். அமெரிக்கப் பாணி ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் வழியே வீணாகும் சக்தியை அந்தக் குட்டி எஞ்சின் தாங்காது. அதனால் 1963இல் ஜேகர் நிறுவனத்தோடு சேர்ந்து வேறு வழி கண்டார்கள். சாதாரண மூன்று வேக கியர்பாக்ஸ். கிளட்சுக்குப் பதில் இரும்புத்தூளை மின்காந்தம் இறுக்கிப் பிடிக்கும் இணைப்பு. கியரை மாற்ற மின்மோட்டார். கட்டளையிட டாஷ்போர்டில் பட்டன்கள். ரெனோ 8இலும் அதே ஏற்பாடு வந்தது. இன்று மாருதியிலும் டாடாவிலும் ஏஎம்டி என்று விற்பதன் அடிப்படை எண்ணமும் இதுதான். சாதாரண கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு, மனிதனின் காலும் கையும் செய்வதை இயந்திரத்திடம் கொடுப்பது.

சோவியத் நாட்டில் கார்க்கி நகரத் தொழிற்சாலை 1959 முதல் செய்த சாய்க்கா என்ற பெரிய கார், பேக்கார்டின் சாயலோடு, பட்டன் கியரோடு வந்தது. அதிகாரிகளுக்கான கார், கடையில் போய் வாங்க முடியாது. 1981 வரை அதைச் செய்தார்கள். அமெரிக்கா பட்டனைக் கைவிட்டுப் பதினாறு பதினேழு வருடம் கழித்தும் அங்கே புதிய காரில் பட்டன் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நன்றாக வேலை செய்ததென்றால் கிரைஸ்லர் ஏன் கைவிட்டது? இதற்கு எல்லோரும் சொல்லும் விடை ஒன்று உண்டு: அமெரிக்க அரசாங்கம் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது என்பது. தேதிகளை வைத்துப் பார்த்தால் இது நிற்காது. அரசாங்கம் தன் உபயோகத்துக்கு வாங்கும் கார்களுக்குப் பாதுகாப்புத் தகுதிகள் விதிக்க வேண்டும் என்ற சட்டம் 1964 ஆகஸ்ட் 30இல் கையெழுத்தானது. அதன்படி தகுதிகளின் பட்டியல் 1965இல் வெளிவந்து, 1967 மாடல் கார்களுக்குப் பொருந்தியது. அந்தப் பட்டியலில் பி, ஆர், என், டி, எல் என்ற ஒரே வரிசையில் கியர் இருக்க வேண்டும் என்பதும் இருந்தது, உண்மைதான். ஆனால் பட்டன் இல்லாத 1965 மாடல் கிரைஸ்லர்கள் 1964 இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. ஒரு காரின் டாஷ்போர்டையும் ஸ்டீயரிங் தண்டையும் மாற்ற முடிவெடுப்பது அதற்கு வெகு முன்பே நடந்திருக்க வேண்டும். எல்லாக் கார்களிலும் ஒரே வரிசை வேண்டும் என்ற பேச்சு காற்றில் இருந்தது, அது முடிவைத் தூண்டியிருக்கலாம். சட்டம் கையைப் பிடித்து நிறுத்தியது என்பது மட்டும் சரியல்ல. 1968இல் எல்லாக் கார்களுக்கும் வந்த விதிகூட, முன்கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்க வேண்டும் என்பது போன்றவற்றைத்தான் கேட்டது. பட்டனே கூடாது என்று அது சொல்லவில்லை.

நான் நம்பும் காரணம் சந்தை. அந்த நாளில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறையப் பாதி ஜெனரல் மோட்டார்ஸ் உடையவை. அவர்களுடைய விற்பனைக் கார்களில் லீவர். ஃபோர்டும் எட்செலுக்குப் பிறகு லீவருக்குத் திரும்பிவிட்டது. லீவரில் பழகிய ஒருவர் கிரைஸ்லர் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பழகாத பட்டன். வீட்டில் இரண்டு கார் இருந்தால் ஒன்றில் அது, ஒன்றில் இது. 1960களின் தொடக்கத்தில் கிரைஸ்லருக்கு வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் முக்கியம். புதுமையைக் காட்டி இழுத்த காலம் போய், மற்றவர்களிடமிருந்து வருபவர்களை மிரட்டாமல் இருக்க வேண்டிய காலம் வந்திருந்தது. இதற்குச் சான்றாக நான் சொல்வது 1965 கார்களின் அடிவயிற்றை. ஸ்டீயரிங் தண்டில் லீவர் வந்துவிட்டது, ஆனால் கீழே கியர்பாக்ஸுக்குப் போனது பழைய கேபிள் ஏற்பாடுதான். கம்பித் தண்டுகள் அதற்கடுத்த மாடலில் வந்தன. இயந்திரத்தில் கோளாறு என்று கைவிட்டிருந்தால் கேபிளை அல்லவா முதலில் தூக்கியிருப்பார்கள்? தூக்கியது பட்டனை மட்டும். எனக்கு அது இன்றும் வருத்தம். நன்றாக வேலை செய்த ஒரு பொருள், பக்கத்துக் கடையில் இல்லை என்பதற்காகப் போயிற்று.

இப்போது இன்றைய கதை. இன்றைய பட்டனுக்குப் பின்னால் கேபிளும் இல்லை, 1956இன் அந்த ஏழை மோட்டாரும் இல்லை. நீங்கள் டி அழுத்தினால் ஒரு மின்சமிக்ஞை கணினிக்குப் போகிறது. பிரேக்கில் கால் இருக்கிறதா, கார் நிற்கிறதா, கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அது கியர்பாக்ஸுக்குக் கட்டளை போடுகிறது. ஓடும்போது ஆர் அழுத்தினால் அது மறுத்துவிடும். பூட்டுப் பல்லை எடுக்கும் மோட்டார் இப்போது மேட்டின் எடையையும் கணக்கில் கொண்டு செய்யப்படுகிறது. மின்கார்களில் கேட்கவே வேண்டாம். அங்கே மாற்றுவதற்குக் கியரே இல்லை. டி என்றால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும், ஆர் என்றால் மறுபக்கம். அதற்கு ஒரு நீண்ட லீவரும் அதற்கொரு மேடையும் எதற்கு? சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலையில் பாகங்களைப் பொருத்தி 2019இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கோனா மின்காரிலும் பட்டன்தான்.

இதற்கு முன்னோடியாக 2004 வாக்கில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி9 டாஷ்போர்டின் நடுவில் வரிசையாகப் பட்டன் வைத்தது. பிறகு லிங்கன், அக்யூரா, ஹோண்டா, ஜிஎம்சி, 2020 கார்வெட் என்று நீள்கிறது. எல்லோரும் ஒழுங்காகச் செய்யவில்லை. 2015 லிங்கன் எம்கேசியில் கியர் பட்டன் வரிசையின் அடியிலேயே, 'எஸ்' (ஸ்போர்ட்) பட்டனை ஒட்டி, எஞ்சினை நிறுத்தும் பட்டனையும் வைத்துவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலர் விரல்பட்டு எஞ்சினை அணைத்தார்கள். 13,574 கார்களைத் திரும்ப அழைத்து அந்தப் பட்டனை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எட்செலின் ஹார்ன் கதையும் இதுவும் ஒரே குடும்பம்: விரல் போகும் இடத்தில் போகக் கூடாத பட்டன்.

மாறாக, ஹோண்டாவின் பட்டன் வரிசையை நான் மனமாரப் பாராட்டுவேன். பி, என், டி அழுத்துவது; ஆர் மட்டும் விரலால் கொக்கிபோல் பின்னோக்கி இழுப்பது. கண் பார்க்காமலே விரலுக்குத் தெரியும், இப்போது பின்னால் போகப் போகிறோம் என்று. கார்வெட்டில் ஆர், டி இரண்டும் இழுப்பது. பி, என் இரண்டும் அழுத்துவது. அந்தக் காலத்தில் கேபிளின் இழுவை விரலுக்குச் சொன்ன செய்தியை இவர்கள் பட்டனின் வடிவத்தால் சொல்லப் பார்க்கிறார்கள்.

லீவர் இருந்தால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2016இல் ஃபியட் கிரைஸ்லர் உலகெங்கும் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் இருந்தது பட்டன் அல்ல, லீவர். ஆனால் தள்ளிவிட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் மின்லீவர். 'பி'யில் போட்டுவிட்டோம் என்று நம்பி இறங்கியவர்களின் கார்கள் உருண்டன. நடிகர் ஆன்டன் யெல்ச்சின் அந்த ஜூனில் தன் வீட்டு வாசலில் அத்தகைய காருக்கும் செங்கல் தூணுக்கும் நடுவில் நசுங்கி இறந்தார். 27 வயது. கைக்கு என்ன பிடி கொடுக்கிறார்கள் என்பதைவிட, கியர் எதில் நிற்கிறது என்பதை மனிதன் சந்தேகமில்லாமல் அறிகிறானா என்பதே உயிர்ப் பிரச்சினை.

ஆகவே தம்பி, வாங்கலாம். ஆனால் ஷோரூமில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வராதீர்கள். ஓட்டிப் பார்க்கும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள், அவரும் ஓட்டப் போகிறவர் என்றால் அவர் கையில் கொடுங்கள். ஒடுங்கிய இடத்தில் முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து பட்டனைத் தேடுகிறாரா என்று கவனியுங்கள். முதல் நாள் தேடுவது இயல்பு. எல்லாப் பட்டனும் ஒரே வடிவம், ஒரே வழவழப்பு என்றால் பல நாள் கழித்தும் தேடுவார். அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

சமதரையில், பிரேக்கில் காலை அழுத்தி வைத்துக்கொண்டு, டியில் இருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து பாருங்கள். தானாகப் 'பி'க்குப் போகிறதா, சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறதா என்பது தெரியும். மேட்டில் நிறுத்தும்போது, பிரேக்கில் கால், பிறகு கை பிரேக், காலைத் தளர்த்திக் காரின் எடை கை பிரேக்கில் உட்கார்ந்த பின் 'பி' என்ற வரிசையைப் பழக்கமாக்குங்கள். இன்றைய மோட்டார் தாங்கும், இருந்தும் அந்தப் பூட்டுப் பல்லின்மேல் காரைத் தொங்கவிடாமல் இருப்பது எந்தக் காருக்கும் நல்லது.

விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது: பேட்டரி செத்துவிட்டால் 'பி'யிலிருந்து காரை எப்படி எடுப்பது? கேபிள் காலத்தில் பேட்டரி செத்தாலும் நியூட்ரல் பட்டனை அழுத்தித் தள்ளிக்கொண்டு போகலாம். இன்றைய காரில் கரண்ட் இல்லையென்றால் பூட்டு விடாது. மின்காராக இருந்தாலும் இதற்குப் பொறுப்பு அந்தச் சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். சில கார்களில் மூடிக்குக் கீழே கையால் விடுவிக்கும் வழி இருக்கும், சிலவற்றில் வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் காரில் எது என்று கையேட்டின் அந்தப் பக்கத்தை அவரே எடுத்துக் காட்டட்டும். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.